ஆராய்ச்சிப் பணமும் என் கிணற்று நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் செம்மண்டலம் பக்கம் கட்டட மேஸ்திரியாக இருக்கிறேன். 1988-ல் கலவை குழைக்கிற கையாளாக வந்தவன், 1994-லிருந்து தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சைட்டிலேயே உட்கார்ந்து உங்கள் பேப்பரை வரி விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு. போன வாரம் இதே ‘ஆசிரியருக்கு’ பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சாக்கடை தூர்வாரவே காசில்லாத ஊரில் தண்ணீரைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் ஆராய்ச்சி பண்ண எதற்கு நிதி, நாலு பேர் டாக்டர் பட்டம் வாங்குவதற்கா என்று கேட்டிருந்தார். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் இதைப் படித்திருந்தால் நானும் ‘சரியாகச் சொன்னார்’ என்று பக்கத்தில் இருப்பவனிடம் காட்டியிருப்பேன். இப்போது அப்படி விட மனசு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2018 ஆகஸ்டு மாதம். குண்டு உப்பலவாடியில் ஒரு வீட்டுக்கு லிண்டல் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். தோளில் பையும் கையில் அட்டை நோட்டுமாக ஒரு பெண் வந்து நின்றாள். “அண்ணா, 2015-ல இந்தத் தெருவுல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?” என்றாள். நிவாரணக் கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் கூட்டியே சொன்னேன்: “இடுப்பளவும்மா.” எழுதிக்கொள்வாள் என்று பார்த்தால் நிமிர்ந்து, “யாரு இடுப்புண்ணா?” என்று கேட்டாள். சித்தாள் பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷமாக அரை அங்குலம் பிசகினால் கத்துகிறவன், வெள்ளத்துக்கு மட்டும் இடுப்பு, முழங்கால், கெண்டைக்கால் என்று அளவு வைத்திருக்கிறேன்.

அவள் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண், திட்டக்குடி பக்கத்துக்காரி. ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். ஊரில் வீடுகள் கட்டுகிற விதத்தால் வெள்ளமும் நிலத்தடி நீரும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் வேலை. அளக்கிற கருவி ஒன்று துறையில் இருந்ததாம், அது ரிப்பேராம், சரி செய்ய அனுமதி வரவில்லையாம். சரி என்று என் டியூப் மட்டத்தை எடுத்துக் கொடுத்தேன். முப்பது அடி நீளத்துக்கு வெள்ளை டியூப், உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர். இந்த முனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதே உயரத்தில்தான் அந்த முனையிலும் நிற்கும். நூறு ரூபாய் சாமான், பொய் சொல்லாது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரே தெருவில் 14 வீடு. ஒரு முனையை அவள் பிடிக்க, ஒரு முனையை நான் பிடிக்க, ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளத்தின் அடையாளத்தைத் தேடினோம். ஒரு வீட்டில் பிரிட்ஜின் முதுகில் துருக் கோடு. இன்னொன்றில் நிலைக்கதவு ஊதிப்போன இடம். மேல்பூச்சுக்கு வெள்ளையடித்தவர்கள் கூட மீட்டர் பெட்டிக்குப் பின்னால் அடிக்காமல் விட்டிருந்தார்கள், அங்கே சேற்றுக் கறை அப்படியே இருந்தது. கடைசி வீட்டுப் பாட்டி, “அம்மிக்கல்லு முழுகிப்போச்சு, ஆட்டுக்கல்லு முழுகல” என்றார். அம்மி உயரம், ஆட்டுக்கல் உயரம் இரண்டையும் அளந்து அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் நான் கேட்ட சாட்சியத்தில் அதுதான் சுத்தமானது.

நின்ற தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும். பதினோரு வீட்டில் அடையாளங்கள் ஒரு அங்குலம் முன்னே பின்னே ஒரே மட்டத்தில் வந்தன. பாட்டி வீடும் அதற்குப் பக்கத்து இரண்டு வீடும் மட்டும் ஏழு அங்குலம் கூடுதல். எப்படி? அவள் சர்வே அலுவலகத்தில் வாங்கி வந்த பழைய புல வரைபடத்தை விரித்துக் காட்டினாள். அந்த மூன்று வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் போட்டிருக்கிறது. இடத்தில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் இல்லை, ஒரு காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. தண்ணீர் அங்கே முட்டிக்கொண்டு ஏறியிருக்கிறது. அந்தச் சுவரை 2009-ல் கட்டியவன் நான். அன்றைக்கு அது முள்ளு மண்டின ஒரு பள்ளம், அவ்வளவுதான். மனைக்காரர் “இதையும் சேர்த்துக் கட்டிடு” என்றார், கட்டினேன், காசு வாங்கினேன். பாட்டியின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவரிடம் இன்று வரை சொல்லவில்லை. பேப்பர் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இன்னொன்றும் அந்தப் பெண்தான் கண்டுபிடித்தாள். நாலைந்து வீட்டில் தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வரவே இல்லை. வாசற்படிக்கு வெளியே தண்ணீர் இருக்கும்போதே கக்கூஸ் கோப்பை வழியாகப் பொங்கியிருக்கிறது. செப்டிக் டேங்க் தெரு மட்டத்தில் முழுகினதும் குழாய் வழியாக ரிவர்ஸ் எடுத்துவிட்டது. வீட்டுக்காரர்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ‘தண்ணி வந்துடுச்சு’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் நான் கட்டின எந்த வீட்டிலும் செப்டிக் டேங்க் மூடியைத் தரைக்கு மேலே ஒன்றரை அடி ஏற்றித்தான் வைக்கிறேன், வெளியேறும் குழாயில் தண்ணீர் திரும்பி வராத வால்வும் போடுகிறேன். அந்த வால்வின் விலை ஒரு மூட்டை சிமெண்டை விடச் சில நூறு கூட இருக்கும். ‘ஆராய்ச்சியால் என்ன பயன்’ என்று கேட்ட வாசகர் செம்மண்டலம் வந்தால் ஆறு வீட்டில் காட்டுகிறேன்.

வெள்ளத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை. ஊரில் 12 கிணறு தேர்ந்தெடுத்தாள். என் வீட்டுக் கிணறும் ஒன்று, 22 அடி உறை இறக்கினது. மாதம் 1-ம் தேதியும் 15-ம் தேதியும், மோட்டார் போடுவதற்கு முன்னால் காலையில் அளக்க வேண்டும். டேப்பின் நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டி, கடைசி மூன்று அடிக்குச் சாக்பீஸ் தடவி இறக்குவாள். தண்ணீர் தொட்ட இடம் வரைக்கும் சாக்பீஸ் கறுத்திருக்கும். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் முக்கி உப்பு பார்ப்பாள். கடற்கரை ஊரில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை விட எவ்வளவு உப்பு என்பதுதான் முக்கியம் என்பாள். தேவனாம்பட்டினத்தில் நாலு அடியில் தண்ணீர் தெரியும், வாயில் வைக்க முடியாது.

அப்போது அவள் சொன்ன ஒரு விஷயம் என் மனசில் நிற்கிறது. நிலவியல் புத்தகங்களில் ‘கடலூர் மணற்கல்’ என்று ஒரு பாறை வகையே இருக்கிறதாம். வெள்ளைக்காரர் காலத்தில் வைத்த பெயர். நாம் பேஸ்மட்டத்துக்கு லோடு லோடாக அள்ளுகிற கேப்பர் மலைச் சிவப்பு மண்ணும் அந்த வகைதான், திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கிற மண்ணும் அதுதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றை ராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும் என்பது நமக்குத் தெரியும், அந்த ஊற்றும் இந்தப் பாறையைச் சேர்ந்ததே. புதுச்சேரிக்காரர்களும் இதிலிருந்துதான் குடிக்கிறார்கள். உலகத்தில் யாரோ படிக்கிற பாறைக்கு நம் ஊர்ப் பெயர், அந்தப் பாறையில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த நம் ஊர்ப் பெண்ணுக்கு ரிப்பேர் கருவி.

உதவித்தொகை விஷயத்துக்கு வருகிறேன். 2023-க்குப் பிறகு மத்திய அரசு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 37,000 ரூபாய் என்று படித்தேன், நல்ல விஷயம். இவளுக்குத் திட்டத்தில் பேசியது அதில் பாதி கூட இல்லை, அதுவும் ஒரு சமயம் ஏழு மாதம் வரவில்லை. என்னிடம் வேலை பார்க்கிற கொத்தனாருக்கு நான் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்கவில்லை என்றால் திங்கட்கிழமை வேறு சைட்டில் இருப்பார். இந்தப் பெண் ஏழு மாதம் பஸ் காசைக் கடன் வாங்கிக்கொண்டு கிணற்றில் டேப் விட்டாள். இதையெல்லாம் படிப்பின் மேல் உள்ள பற்று என்று புகழ்வார்கள். நான் புகழ மாட்டேன், கூலி பாக்கி கூலி பாக்கிதான்.

2020-ல் ஊரடங்கு. ஆறேழு மாதம் அளவு இல்லை. கூடுதல் காலம் கேட்டு எழுதினார்கள், கிடைக்கவில்லை. 2021 மார்ச்சோடு திட்டம் முடிந்தது. கணக்கு முடித்து, கருவியை ஒப்படைத்து, எங்கள் வீட்டுக்கு ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வருஷம் நவம்பரில் தென்பெண்ணையில் அப்படி ஒரு வெள்ளம் வந்தது. ஒரு ராத்திரி போன் வந்தது. “அண்ணா, கிணத்துல யாராச்சும் அளந்தீங்களா?” யாரும் அளக்கவில்லை. பன்னிரண்டு கிணற்றில் ஒன்றில் கூட இல்லை. எங்கள் வீட்டுக் கிணறு பத்தடி தூரத்தில், டேப் என் பையில், எனக்குத் தோன்றவே இல்லை. அவள் “பரவால்லண்ணா” என்று சொல்லிவிட்டு வைத்தாள். மூன்று வருஷம் காத்துக்கொண்டிருந்த வெள்ளம், திட்டம் முடிந்து எட்டாவது மாதம் வந்தது.

மறுநாள் ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். அன்றிலிருந்து 1-ம் தேதியும் 15-ம் தேதியும் நானே அளக்கிறேன்.

நம் ஊருக்கு வருகிற தண்ணீருக்கும் புயலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறதா பாருங்கள். 2004 சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், பலாவும் முந்திரியும் படுத்துவிட்டன. 2015 நவம்பர், டிசம்பர். 2021. அப்புறம் 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல். அன்றைக்கு ஒரு வேலைக்காகப் புதுச்சேரியில் மாட்டிக்கொண்டேன். ஒரே நாளில் அங்கே கொட்டியது அரை மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டு நாள் கழித்து எங்கள் பக்கம் மழை விட்டு வெயில் கூடத் தலைகாட்டியது. அப்போதுதான் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்த தண்ணீர் வந்து சேர்ந்தது. நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு எல்லாம் தீவு. புதுச்சேரியில் வானத்திலிருந்து வந்த வெள்ளம், எங்களுக்கு ஆற்றிலிருந்து வந்த வெள்ளம். இரண்டுக்கும் வீடு கட்டுகிற விதம் ஒன்றாக இருக்க முடியாது. எப்படி மாற வேண்டும் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. நான் செய்வதெல்லாம் பேஸ்மட்டத்தை ஏற்றுவதுதான். 1994-ல் இரண்டடி போட்டால் ‘எதுக்கு மேஸ்திரி இவ்ளோ’ என்பார்கள். இப்போது ஐந்தடி. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போடுகிறார்கள், வீடு பள்ளமாகிறது, அடுத்தவன் என்னைக் கூப்பிட்டு ஏற்றச் சொல்கிறான், அவன் வீட்டுத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்கள் வருகிறார்கள். எனக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு தெருவில் எத்தனை வீடு ஏறினால் ஏறாத வீட்டில் எத்தனை அங்குலம் கூடும் என்று ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னால், நானே நாலு பேருக்கு எடுத்துச் சொல்வேன்.

மழைநீர் சேகரிப்பையும் சொல்ல வேண்டும். 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது ராப்பகலாகக் குழி வெட்டினோம். நல்ல சட்டம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எங்களுக்குக் கிடைத்த படம் ஒன்றே ஒன்று. கேப்பர் மலைச் செம்மண்ணில் அந்தக் குழி சரசரவென்று குடித்தது. களிமண் தெருவில் கொசு வளர்த்தது. தேவனாம்பட்டினம் மணலில், கீழே தண்ணீர் ஏற்கெனவே நிற்கிற இடத்தில், குழிக்குள் எங்கே இறங்கும்? மண்ணுக்குத் தகுந்த குழி என்று நாலு படம் போட்டுக்கொடுக்க ஒரு ஆளும் நாலு மழைக்காலமும் போதும்.

கத்தரிக்காய்க்கு அப்படி ஆளும் காலமும் கிடைத்திருக்கிறது. நம் பாலூரில் 1905-ல் வைத்த ஆராய்ச்சி நிலையம் இன்றும் நடக்கிறது, பாலூர் கத்தரி, பாலூர் பலா என்று ரகம் வந்திருக்கிறது. நூற்றி இருபது வருஷம். யாரும் மூன்றாம் வருஷம் வந்து ‘கத்தரிக்காய் முடிந்துவிட்டதா, கணக்கை ஒப்படை’ என்று கேட்கவில்லை.

பணம் எங்கே இருக்கிறது என்று வாசகர் கேட்பார். நாடு முழுக்க ஆராய்ச்சிக்குச் செலவாவது 100 ரூபாய் வருமானத்தில் 64 காசு என்று அரசுக் கணக்கே சொல்கிறது. 2023-ல் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சட்டம் கொண்டுவந்தபோது ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற வேறு இடங்களிலிருந்து வர வேண்டும் என்பது கணக்கு. வரட்டும். மருந்துக்கு வரும், பேட்டரிக்கு வரும். செம்மண்டலத்துச் சாக்கடையின் மட்டத்தைப் பார்க்க எந்த முதலாளி காசு போடுவார்? அதில் விற்க என்ன இருக்கிறது? கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்ற சட்டத்திலும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கொடுக்க இடம் இருக்கிறது. ஆனால் கிணற்றில் டேப் விடுவதற்குக் கல்வெட்டுத் திறப்பு விழா கிடையாது. குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம் என்றால் பெயர்ப் பலகை வைக்கலாம்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு பிளான் அனுமதி வாங்கும்போது கட்டடத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம் கட்டுகிறோம். முதலில் முணுமுணுத்தோம், இப்போது பழகிவிட்டது, எங்கள் ஆட்கள் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் வருகிறது. அதைப் போல, அனுமதிக் கட்டணத்தில் ஒரு சின்னப் பகுதியை அந்த ஊர்த் தண்ணீரை அளக்க என்று ஒதுக்கி, பக்கத்தில் இருக்கிற கல்லூரியிடம் கொடுக்கலாம். பத்து வருஷத்துக்குக் குறையாமல். கடைசி வருஷ சிவில் பிள்ளைகள் புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி பைண்டிங் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை வருஷத்துக்கு இருபது கிணறு, இருபது தெரு என்று பிரித்து அனுப்பினால் ஆச்சு. முடிவைத் தமிழில் ஒரு நாலு பக்கம் அச்சடித்து சிமெண்ட் கடையில் வையுங்கள், மேஸ்திரிகள் எல்லோரும் வருகிற இடம் அது. அந்தப் பெண்ணின் ஆய்வேட்டை எனக்கு ஒரு பிரதி கொடுத்தாள், முழுக்க ஆங்கிலம். 112-ம் பக்கத்தில் டியூப் மட்டத்தைப் பிடித்திருக்கிற கை மட்டும் தெரிகிற ஒரு படம் இருக்கிறது, அது என் கை. வேறு எதுவும் எனக்குப் புரியவில்லை.

சாக்கடைக்குக் காசு கொடுங்கள் என்ற வாசகருக்குக் கடைசியாக ஒன்று. எங்கள் பக்கத்துத் தெருவில் புதிதாகக் கான்கிரீட் வாய்க்கால் கட்டினார்கள். நல்ல கம்பி, நல்ல கலவை, குறை சொல்ல முடியாது. வேலை முடிந்து முதல் மழையில் தண்ணீர் ஆற்றுப் பக்கம் போகாமல் பிள்ளையார் கோயில் பக்கம் திரும்பி வந்தது. மட்டம் பார்த்தேன், ஆற்றுப் பக்கத்து முனையில் அடித்தளம் நாலு அங்குலம் மேடு. யாருடைய ஒப்பந்தம் என்பது இங்கே வேண்டாம். அந்த வாய்க்காலை வருஷம் இரண்டு தடவை தூர்வாரத்தான் செய்கிறார்கள்.

உங்கள் பேப்பரில் தினமும் சாத்தனூர் 119 அடியில் எத்தனை, வீராணம் 47.50 அடியில் எத்தனை என்று போடுகிறீர்கள். அணைக்கும் ஏரிக்கும் அளவுகோல் நட்டு வைத்திருப்பதால்தானே போட முடிகிறது? செம்மண்டலத்துக்கு அப்படி ஒன்று நடவில்லை, அதனால் உங்களிடம் குறை இல்லை.

அந்தப் பெண் இப்போது சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். மற்ற பதினோரு கிணற்றில் மூன்றை மூடிவிட்டார்கள். என் நோட்டில் 63 பக்கம் ஓடியிருக்கிறது, ஃபெஞ்சல் வெள்ளத்தின்போது ஒரு நாளைக்கு நாலு தடவை அளந்தது உட்பட. உப்பு பார்க்கிற பேனாவும் சொந்தக் காசில் வாங்கிவிட்டேன். இந்த மாதம் 1-ம் தேதி தண்ணீர் 13 அடி 4 அங்குலத்தில் இருந்தது. எந்தக் கல்லூரிக்காவது வேண்டுமென்றால் நோட்டைத் தருகிறேன், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தால் போதும். நேரில் அளந்து சரிபார்க்க வருகிறவர்கள் காலை ஆறரைக்குள் வர வேண்டும். அதற்கு மேல் வீட்டில் மோட்டார் போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
செம்மண்டலம், கடலூர்.